திரும்பி வந்ததா, புதிதாக வந்ததா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிடாதீர்கள். முக்கியமான விஷயம் நடுவில்தான் இருக்கிறது.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டான். அதான் திரும்ப வந்திருக்கு."

காசநோய் இரண்டாம் தடவை வந்த ஒருவரைப் பற்றி நம் பக்கத்தில் முதலில் வருகிற பேச்சு இதுதான். கல்யாண வீட்டுப் பந்தலில் சொல்கிறார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள். மருந்து கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் சொல்கிறார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் விஷயத்தில் இந்தப் பேச்சு பெரும்பாலும் தவறு என்று சென்னையில், ஆய்வுக்கூடத்தில், கிருமியின் மரபணுவையே எடுத்து ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆய்வு வெளிவந்தது 2010-இல். இத்தனை வருஷத்தில் நம் பேச்சும் மாறவில்லை, நாம் கட்டுகிற கட்டடங்களும் மாறவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள டாக்டர் படிப்பு வேண்டாம். நான்காம் வகுப்புக் கணக்கும், விடைத்தாள் திருத்துகிற பழக்கமும் போதும்.

முதலில் நோயைப் பற்றி. நுரையீரலில் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும், சத்தமாகப் பேசும்போதுகூட, கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வருகின்றன. காற்றோட்டம் இல்லாத அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றை மூச்சில் இழுத்தவர்களுக்கெல்லாம் நோய் வந்துவிடாது. கிருமி உள்ளே போன நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். மற்றவர்களின் உடம்பு கிருமியைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்துவிடும். கிருமி சாகாமல் உள்ளே உறங்கிக் கிடக்கும்.

அடக்கி வைக்கிற அந்தக் காவல்காரர்கள் பலவீனமானால் கதை வேறு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 15 முதல் 20 மடங்கு அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் இரண்டு மூன்று மடங்கு. சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், மூட்டு வாதத்துக்கும் தோல் வியாதிக்கும் வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், வயிறாரச் சாப்பிட வழியில்லாதவர்கள் எல்லோரும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒருவர் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமாகிவிட்டார். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் இருமல், காய்ச்சல், சளியில் கிருமி. இது இரண்டு விதமாக நடந்திருக்கலாம். முதல் தடவை சாகாமல் மிச்சமிருந்த பழைய கிருமி மறுபடி தலைதூக்கியிருக்கலாம். அல்லது பழைய கிருமி முழுக்க ஒழிந்துபோய், வேறு யாரோ இருமியதிலிருந்து புதுக் கிருமி ஒன்று உள்ளே வந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் இந்த வித்தியாசம் தெரியாது. சளியைச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தாலும் எல்லாக் கிருமியும் ஒரே மாதிரிச் சிவப்புக் குச்சிகள்தான். அதனால்தான் நெடுங்காலம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் தெரியாத இடத்தில் நம் ஆட்கள் நோயாளியின் மேல் பழியைப் போட்டார்கள்.

பதிலைக் கொடுத்தது மரபணு வகைப்படுத்தல். பெயரைக் கண்டு பயப்படாதீர்கள்.

விடைத்தாள் திருத்தியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதியிருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. இரண்டு பேரும் குற்றாலத்தைக் 'குட்ராலம்' என்று எழுதி, அதே நாலாவது கேள்வியைப் பாதியில் விட்டு, பெருக்கலில் அதே இடத்தில் சறுக்கியிருந்தால்? ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியிருக்கிறான். காட்டிக் கொடுப்பது தப்புதான். கிருமியும் அப்படியே. ஒவ்வொரு தடவை இரண்டாகப் பிரியும்போதும் தன் டி.என்.ஏ.யைப் பார்த்து எழுதிக்கொள்கிறது. எப்போதாவது ஒரு எழுத்து தவறும். அந்தத் தவறு அதன் வாரிசுகளுக்கெல்லாம் போகும். இரண்டு சளி மாதிரிகளில் உள்ள கிருமிகளுக்கு ஒரே தவறுகள் இருந்தால் அவை ஒரே குடும்பம். தவறுகள் வேறு வேறாக இருந்தால் வேறு வேறு குடும்பம்.

1990-களில் உலகம் முழுவதும் பயன்பட்ட முறை, ஐ.எஸ். 6110 என்கிற ஒரு டி.என்.ஏ. துண்டு கிருமிக்குள் எத்தனை இடத்தில், எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது. வெளிநாட்டுக் கிருமிகளுக்கு அது கைரேகை மாதிரி நன்றாக வேலை செய்தது. நம் தென்னிந்தியக் கிருமிகளிடம் அது செல்லுபடியாகவில்லை. இங்கே பரவியிருப்பது பெரும்பாலும் மிகப் பழைய வம்சம். அவற்றில் கணிசமானவற்றுக்கு அந்தத் துண்டு ஒன்றே ஒன்றுதான் இருக்கும், சிலவற்றுக்கு அதுவும் இராது. பாடப் புத்தகத்திலேயே அச்சுப்பிழை இருந்தால் வகுப்பு முழுக்க அதே தப்பை எழுதும் இல்லையா? அதை வைத்து யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த மாதிரி.

அதனால் சென்னை விஞ்ஞானிகள் மற்ற முறைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றில் கிருமியின் டி.என்.ஏ.யில் 43 குறிப்பிட்ட துண்டுகள் இருக்கின்றனவா என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். நம் வருகைப் பதிவேடுதான்! 43 பெயர் கூப்பிட்டு, வந்திருக்கிறான், வரவில்லை என்று குறித்துக்கொண்டே போவது. இன்னொன்றில், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும் சில இடங்களைப் பிடித்து, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை தடவை எழுதியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் அடையாளம் தெரிந்துவிடும். இப்போது கிருமியின் 44 லட்சம் எழுத்துகளையும் முழுதாகப் படிக்கவே முடிகிறது. அப்படி முதன்முதலில் படித்து வெளியிட்டது 1998-இல். இந்தக் கிருமி மெதுவாகத்தான் மாறும், சராசரியாக இரண்டு வருஷத்துக்கு ஒரு எழுத்து. ஆகவே இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் நாலைந்து எழுத்து வித்தியாசம் என்றால் நெருங்கிய சொந்தம். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் என்றால் சம்பந்தமே இல்லை.

இந்த வேலை நடந்த இடம் சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம். இன்றைய பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். உலகமே காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்த காலத்தில், ஏழை வீட்டு நெருக்கடியில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும், மருந்து தொடங்கிய நோயாளியால் வீட்டிலுள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-இல் ஆய்வு வெளியிட்டு உலகத்துக்கே சொன்ன இடம் அது. நம் ஊர்க்காரர்களில் பலருக்கு இது தெரியாது.

அங்கே டாக்டர் சுஜாதா நாராயணன், டாக்டர் சௌமியா சுவாமிநாதன் முதலியவர்கள், காசநோய் குணமாகி மறுபடி வந்தவர்களை இரண்டு வகுப்பாகப் பிரித்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். ஒவ்வொருவருக்கும் முதல் தடவை எடுத்த கிருமியையும் இரண்டாம் தடவை எடுத்த கிருமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். எச்.ஐ.வி. இல்லாதவர்களில் 91 சதவீதம் பேருக்குப் பழைய கிருமியே திரும்பி வந்திருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களில் 88 சதவீதம் பேருக்குப் புதிய கிருமி.

இதை இன்னொரு தடவை படியுங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போல, முதல் நோயை மருந்து சாப்பிட்டுச் சரியாகவே முடித்திருந்தார்கள். மறுபடி வந்தது வெளியிலிருந்து வந்தது. பஸ்ஸிலோ, வேலை செய்கிற இடத்திலோ, மருந்து வாங்கப் போன வரிசையிலோ இழுத்த மூச்சில் வந்தது. பழி மட்டும் அவர்கள் மேல்.

இது சில டஜன் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் இதே சதவீதம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, அது காட்டுகிற திசையில் சந்தேகம் வேண்டியதில்லை.

என் பழைய மாணவன் ஒருவன். எந்த ஊர், எந்த வருஷம் படித்தவன் என்று யாரும் கேட்காதீர்கள். அவனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் நான் எழுதப் போவதில்லை. முதல் தடவை நோய் வந்தபோது ஒரு நாள் விடாமல் மருந்து சாப்பிட்டான். அட்டையில் ஒவ்வொரு கட்டத்திலும் குறி இருந்தது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாம் தடவை வந்தபோது மருந்து வாங்கப் போன இடத்தில், வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "குடிச்சிட்டு மாத்திரையை முழுங்காம சுத்தினா இப்படித்தான்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். குடிப்பழக்கமே இல்லாத பையன். அதற்கப்புறம் மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அவன் மனைவி வந்து என்னிடம் அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் கெஞ்சி மறுபடி அனுப்பினோம். இன்று நன்றாக இருக்கிறான். அந்த மூன்று வாரத்தில் வீட்டில் சின்னப் பிள்ளையும் இருந்தது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். தப்பான பழி ஒருவன் மனசைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை. நோயையும் பரப்புகிறது.

வெளியுலகத்தில் இருந்து இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் தங்கும் ஒரு விடுதி. 1990-ஐ ஒட்டிய காலம். அங்கே தங்கியிருந்த ஒருவருக்குக் காசநோய். அவரோடு இருந்த 30 பேரில் 11 பேருக்கு நாலு மாதத்துக்குள் காசநோய் வந்துவிட்டது. கிருமியின் மரபணுக் கைரேகையைப் பார்த்தால் ஒரே கிருமி. அதே காற்றைச் சுவாசித்த பணியாளர்களில் சிலருக்கும் கிருமி தொற்றியது, ஆனால் ஒருவருக்கும் நோய் வரவில்லை. காற்று ஒன்று, கிருமி ஒன்று. காவல்காரர்கள் பலமாக இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இரண்டாவது உதாரணம் தென் ஆப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால். 1860 முதல் நம் தமிழ் ஜனங்கள் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போன அதே நட்டால்தான். அங்கே துகேலா ஃபெரி என்கிற கிராமப்புறத்தில் 2005-06-இல் எந்த மருந்துக்கும் ஏறக்குறைய அடங்காத காசநோய் 53 பேருக்கு இருந்தது. 52 பேர் இறந்துபோனார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்து பார்த்த 44 பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. முதலில் எல்லோரும் என்ன நினைத்தார்கள்? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததால்தான் கிருமி முரடாகிவிட்டது என்றுதான். விசாரித்தால், பாதிக்கு மேற்பட்டவர்கள் அதுவரை காசநோய் மருந்தே சாப்பிடாதவர்கள்! பெரும்பாலானவர்கள் சமீபத்தில் ஏதோ ஒரு காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். மரபணு வகை பார்த்த 46 பேரில் 39 பேருக்கு ஒரே வகைக் கிருமி. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, குணமாக வந்த இடத்திலேயே பரவியிருந்தது.

இப்போது நம் பக்கத்துக்கு வாருங்கள். எச்.ஐ.வி.யை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும். இலவச ஏ.ஆர்.டி. மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் ஒன்று. காசநோய்க்கென்று பெயர்போன அதே தாம்பரம் ஆஸ்பத்திரி. இன்று மருந்து ஒழுங்காகக் கிடைப்பதால் ஆபத்து நிறையக் குறைந்திருக்கிறது. ஆனால் மாதாமாதம் மருந்து வாங்க வருகிறவர்கள் எங்கே உட்கார்கிறார்கள்? சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்கள் எங்கே உட்கார்கிறார்கள்? இருமலுக்குக் காட்ட வந்தவர்களோடு சேர்ந்து ஒரே பெஞ்சில்தான்.

சாரல் காலத்தில் நம் பக்கத்துக் காத்திருப்பு அறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஆனி, ஆடியில் காற்று தூக்கி அடிக்கும், தூவானம் உள்ளே வரும் என்று எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். புதிதாகக் கட்டுகிற தனியார் கிளினிக்குகளில் ஏ.சி. போட்டு, கண்ணாடி அடைத்து, ஜன்னலே இல்லாமல் கட்டுகிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளை அளந்து பார்த்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய காலத்து வார்டுகளில், கதவு ஜன்னலைத் திறந்து வைத்தால், காசு செலவழித்து மெஷின் வைத்த புது அறைகளைவிட நல்ல காற்றோட்டம் இருந்தது. மணிக்கு 40 தடவை அறைக் காற்று மாறியது. மெஷின் அறைகளுக்குச் சொல்லப்படும் அளவோ 12 தடவைதான். நம் பாட்டன் கட்டிய ஓட்டு வீட்டு வானவெளியும் முற்றமும் என்ன வேலை செய்தன என்று இப்போது புரிகிறதா?

பீடி சுற்றுகிற வீடுகளையும் சொல்ல வேண்டும். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் எத்தனை தாய்மார்கள்! இலை காய்ந்துவிடக் கூடாது, தூள் பறந்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுகிறார்கள். தூளில் பாதி மூக்குக்குள். ஒருத்திக்கு இருமல் என்றால் மற்றவர்களுக்கும் அதே காற்று. அவர்களிடம் போய் "உன் எதிர்ப்புச் சக்தியை நீயே பார்த்துக்கொள்" என்று உபதேசம் பண்ணுவதில் என்ன நியாயம்?

ஆய்க்குடிக்காரர்களுக்கு நான் இதை எளிதாகச் சொல்லிவிட முடியும். 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் நம் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழே செயலிழந்த உடம்போடு அவர் கட்டியது அது. அந்த வளாகத்தில் நடந்து பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் யாரும் சொல்லாமலே தெரியும். சக்கர நாற்காலியில் வருகிறவரைப் பார்த்து "உன்னால் ஏன் படி ஏற முடியவில்லை?" என்று கேட்கக் கூடாது. படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போட வேண்டும். குறை கட்டடத்தில். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அதே நியாயம்தான். அவர்களுக்குச் சாய்தளம் என்பது திறந்த ஜன்னல், தனி வரிசை, இருமுகிறவர் வாயில் முகக்கவசம். மரபணு ஆய்வு இத்தனை சிரமப்பட்டுச் சொன்னது இதைத்தான்.

சிலர் கேட்பார்கள்: "டீச்சர், பழைய கிருமியோ புதுக் கிருமியோ, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துக் கொடுக்கிறார்கள். அப்புறம் வகை பார்த்து என்ன லாபம்? வீண் செலவுதானே?" அந்த ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டுக்கு அவ்வளவாக வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். ஒரு மாவட்டத்துக்கு நிறைய வித்தியாசம் உண்டு. பழைய கிருமி திரும்புகிறது என்றால் மருந்தின் அளவை, காலத்தை, தரத்தை, கண்காணிப்பைச் சரிபார்க்க வேண்டும். புதுக் கிருமி வருகிறது என்றால் காற்றை, வரிசையை, கட்டடத்தைச் சரிபார்க்க வேண்டும். எது என்று தெரியாமல் ஒன்றைச் சரிசெய்வது, தமிழில் பெயிலான பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் வைக்கிற மாதிரி.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரிகளில் 'சி.பி. நாட்' என்றும் 'ட்ரூநாட்' என்றும் சளிப் பரிசோதனை செய்கிறார்களே, அதுவும் கிருமியின் மரபணுவைப் பார்க்கிற பரிசோதனைதான். காசநோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். அருமையான விஷயம். ஆனால் அது கிருமியின் வம்சத்தைச் சொல்லாது. இரண்டு நோயாளிகளுக்கு ஒரே கிருமியா என்பது அதில் தெரியாது. அதற்கு வகைப்படுத்தலோ முழு மரபணுப் படிப்போ தனியாகச் செய்ய வேண்டும்.

இன்னொரு பயம் நியாயமானது. "யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் ஊர் சும்மா விடுமா?" விடாது. அதனால்தான் இந்தச் சோதனையின் முடிவு ஆளைத் தேடுவதற்குப் பயன்படக் கூடாது, இடத்தைத் தேடுவதற்குப் பயன்பட வேண்டும். ஐந்து பேருக்கு ஒரே கிருமி என்றால் அந்த ஐந்து பேரும் எந்த அறையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்று கேட்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் விவரத்தை அவர்கள் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உறவினர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "அவனுக்கு அந்த நோயாமே" என்று வாட்ஸ்ஆப்பில் போடுவது சட்டத்துக்கும் பாவம், சாமிக்கும் பாவம்.

"அப்படியென்றால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லையா?" என்று யாராவது கெட்டிக்காரத்தனமாகக் கேட்டால் காதைத் திருகுவேன். எச்.ஐ.வி. இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பழைய கிருமிதான் திரும்பியது என்று மேலே எழுதியிருக்கிறேனே. மருந்தை ஒரு நாள்கூட விடக் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டவனைச் சாப்பிடாதவன் என்று சொல்லக் கூடாது. இரண்டும் ஒரே பாடம்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான்:

1. எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒருவருக்குக் காசநோய் இரண்டாம் தடவை வந்தால், இரண்டு கிருமிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை அரசு வழக்கமாக்க வேண்டும். அதற்கு முதல் தடவைக் கிருமியைப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லா நோயாளிக்கும் செய்யச் சொல்லவில்லை. இவர்களுக்காவது செய்யுங்கள். சேத்துப்பட்டில் அதற்கான அறிவும் அனுபவமும் இருக்கின்றன.

2. இருமலோடு வருகிறவரை வாசலிலேயே விசாரித்து, முகக்கவசம் கொடுத்து, முதல் ஆளாகப் பார்த்து அனுப்பிவிட வேண்டும். ஏ.ஆர்.டி. மருந்துக்கும், டயாலிசிஸுக்கும், புற்றுநோய் மருந்துக்கும் வருகிறவர்களோடு அவரை உட்காரவைக்கக் கூடாது. இதற்குப் பணம் வேண்டாம், மனசு வேண்டும்.

3. காத்திருக்கிற இடத்துக்கு எதிரும் புதிருமாக ஜன்னல். சாரல் அடித்தால் மேலே ஒரு சாய்ப்பு இறக்குங்கள், ஜன்னலை அடைக்காதீர்கள்.

4. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்றவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு. வாரம் ஒரு தடவை வீதம் 12 வாரம் சாப்பிடுகிற முறையும் வந்திருக்கிறது. "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

5. சாப்பாடு. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-இல் அந்த முடிவு வெளிவந்தது. நோயாளிக்கு அரசு கொடுக்கும் மாத உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். நம் தமிழ்நாடு அரசும் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று மிகவும் பலவீனமாக இருக்கும் நோயாளிகளை முதலிலேயே கண்டுபிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றுகிறது. இவற்றைப் பாராட்டத்தான் வேண்டும். பக்கத்து வீட்டு நோயாளிக்கு நாலு முட்டையும் அரைப்படி கடலையும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு நமக்கு எந்தத் திட்டமும் வேண்டாம்.

என் பிள்ளைகளில் நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். வரிசை உங்கள் கையில் இருக்கிறது. கட்டட காண்ட்ராக்ட் எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். கிளினிக் கட்டச் சொன்னால் ஜன்னல் வைக்காமல் கட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள். வாத்தியார், டீச்சர் ஆனவர்கள் இருக்கிறீர்கள். வகுப்பறை ஜன்னல் கொக்கி துருப்பிடித்துத் திறக்க முடியாமல் கிடந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பஞ்சாயத்தில் இருக்கிறவர்கள் ஊர்க் கூட்டத்தில் இதை ஒரு வார்த்தை பேசுங்கள். வெளிநாட்டில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒன்றிரண்டு பேரும் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் விளக்கம் சேர்க்க வேண்டுமானால் கீழே எழுதுங்கள், எல்லோரும் படித்துக்கொள்வோம். நோயாளிகள் யார் பெயரையும் மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் அழித்துவிடுவேன்.

இனி உங்கள் காது கேட்க யாராவது "மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டான்" என்று சொன்னால், சண்டை போட வேண்டாம். "பழைய கிருமியா, புதுக் கிருமியான்னு பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பார்த்திருக்க மாட்டார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஆய்க்குடி.